மூவாயிரத்தைத் தொட்ட முள்

மலாஷாவுக்குக் காது கேட்காமல் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. குஸ்மா இறந்து பதினோரு மாதம். கார் ஓட்டுவதற்கு முதலாவது ஒரு தடையாக இருந்ததே இல்லை. இரண்டாவதுதான் அவள் கையைக் கட்டிப்போட்டது.

கார் பழைய ஜெர்மன் டீசல். பதினெட்டு வயது. கேட்கும் காலத்தில் அவளும் மற்றவர்களைப் போல எஞ்சினின் சத்தத்தை வைத்துத்தான் கியர் மாற்றினாள். காது போன பிறகு குஸ்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவளுக்காகக் கேட்டான். மேல் கியருக்குப் போக வேண்டிய நேரம் வந்ததும் அவள் வலது முழங்காலில் ஒரு விரலால் ஒரு தட்டு. கீழே இறக்க இரண்டு தட்டு. பேச்சை நிறுத்தாமலே தட்டுவான். சில நாள் தூங்கிக்கொண்டே தட்டுகிறானோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வரும்.

இருக்கையில் உட்கார்ந்தால் அதிர்வு தெரியாதா என்று கேட்பவர்கள் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டார்கள். அது ஓடினாலும் அதிரும், நின்றாலும் அதிரும், கோபத்தில் இருக்கிறதா நிம்மதியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லாது. வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று இருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட வேண்டிய அதன் முள், பதினைந்து வருடமாகப் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. காது இருக்கிறவனுக்கு முள் எதற்கு என்பான் குஸ்மா. அவனுக்குக் காது இருந்தது, அவளுக்கு அவன் விரல் இருந்தது. முள்ளை யாரும் எழுப்பவில்லை.

அவன் போன பிறகு மே மாதத்தில் ஒரு நாள், தங்கள் ஊரான கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து கிறிஸ்டினா ஏரி வரைக்கும் அவள் தனியாக ஓட்டிப் போனாள். நெய்து முடித்த இரண்டு ஜமுக்காளங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. வண்டி ஏன் இத்தனை மந்தமாகப் போகிறது என்று யோசித்துக்கொண்டே போனாள். பின்னால் குஸ்மாவின் அண்ணன் லாரியன் தன் லாரியில் வந்துகொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

லாரியனுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் காரில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது, காகிதத்தில் இரண்டு பெயரும் இருந்தன. நல்ல மனிதர். ஆனால் மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டிலும் பாதியை விழுங்கிய மீசை ஒன்றை வளர்த்து வைத்திருந்தார். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கிறவளுக்கு அவர் சாத்திய கதவு மாதிரி. நாட்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித்தான் அவளோடு சண்டை போட முடியும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சண்டை போடத்தான் வந்தார். அடுத்த சனிக்கிழமை குஸ்மாவின் வருட நினைவு நாள். கல்லறை இருப்பது அவன் பிறந்த ஊட்டிஷேனியாவில், பால்சன் கணவாயைத் தாண்டி, நூறு கிலோமீட்டர். உறவெல்லாம் அங்கே கூடும். போர்ஷ் சூப்பையும் ரொட்டியையும் தானே சமைத்துத் தானே ஓட்டி எடுத்து வருவதாக மலாஷா எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

லாரியன் மேசையில் இருந்த ரொட்டியையும் உப்பையும் நகர்த்திவிட்டு எழுதினார். ஏரிக்குப் போன அன்று முழு வழியும் இரண்டாவது கியர். உன் புகையில் என் முன்கண்ணாடி கறுத்துவிட்டது. கணவாயில் அப்படி ஓட்டினால் எஞ்சின் வெடிக்கும். வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு எங்கே போக வேண்டுமோ சொல், யாராவது கூட்டிப் போவோம்.

அந்தக் கடைசி வரிதான் அவளைச் சுட்டது. நூல் வாங்க, நெய்ததைக் கொடுக்க, கல்லறைக்குப் போக, எல்லாவற்றுக்கும் இனி அடுத்தவர் எப்போது கிளம்புகிறார்களோ அப்போது அவளும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அவள் பென்சிலை அவரிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

“முள்ளு வேலை செஞ்சா?”

அவர் மீசை அசைந்தது.

“மீசைக்குள்ள இருந்து என்ன சொல்றீங்கன்னு தெரியல. வெட்டிட்டு வந்து திட்டுங்க, இல்லன்னா எழுதுங்க.”

அவர் எழுதினார். முள் வேலை செய்ய வேண்டும். பொய் சொல்லாமல் வேலை செய்ய வேண்டும். சனிக்கிழமை நான் பக்கத்தில் உட்காருவேன். எஞ்சின் ஒரு தடவை அலறினாலும், ஒரு தடவை திணறினாலும் சாவி எனக்கு.

“அலறாம, திணறாம போய்ச் சேர்ந்தா?”

லாரியன் பென்சிலின் முனையை நாட்காட்டியின் ஓரத்தில் தேய்த்துக் கூராக்கினார். பிறகு எழுதினார். என் பங்கும் உனக்கு.

தாம் போட்ட நிபந்தனைக்குத் தாமே உதவ வந்தது அவருடைய குணம். திங்கட்கிழமை காலையில் காயலான் கடையிலிருந்து அதே மாதிரி ஒரு மீட்டரோடு வந்து, டேஷ்போர்டைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு அதை மாட்டினார். முள் அசையவில்லை. விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், மீட்டரின் கண்ணாடியில் தட்டிப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு உள்ளே ஏதோ செத்துவிட்டது, விட்டுத்தள்ளு என்று எழுதிவிட்டுப் போனார்.

மலாஷா விட்டுத்தள்ளவில்லை. அலமாரியில் வண்டியின் ரிப்பேர் புத்தகம் இருந்தது. குஸ்மா அதை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. காது போன பிறகு அவள் எதையும் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மருந்துப் பெட்டியோடு வரும் துண்டுத் தாளைக்கூட விடமாட்டாள். இரண்டு நாள் தறிப்பக்கம் போகாமல் அந்தப் புத்தகத்தைப் படித்தாள்.

பெட்ரோல் வண்டியில் மீட்டர் தன் கணக்கை எடுப்பது எஞ்சினுக்குள் விழும் நெருப்புப் பொறியிலிருந்து. டீசலில் பொறியே கிடையாது. அதனால் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகிலிருந்து ஒரு சின்ன ஒயர் மீட்டருக்குப் போகிறது. ஆல்டர்னேட்டர் சுற்றுகிற வேகத்தை வைத்து எஞ்சினின் வேகத்தை முள் கணக்குப் போட்டுக்கொள்ளும். காயலான் கடையிலிருந்து வந்த மீட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் வண்டியினுடையது. முகம் ஒன்றுதான், பின்னால் எழுதியிருந்த எண் வேறு. வராத ஒரு பொறிக்காக லாரியன் காலையெல்லாம் காத்திருந்திருக்கிறார்.

பழைய மீட்டரையே திரும்ப மாட்டிவிட்டு பானட்டைத் திறந்தாள். மின்சாரம் அளக்கும் குஸ்மாவின் மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் முதுகில் இருந்த சின்ன முனையைத் தொட்டாள். ஏழு வோல்ட். அங்கே உயிர் இருந்தது. ஆனால் அந்த முனையில் ஒயர் எதுவும் இல்லை. எஞ்சினை அணைத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரிலிருந்து வரும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பேட்டரிக்குப் பின்னால், மற்ற ஒயர்களோடு சேர்த்து ஒழுங்காகக் கட்டப்பட்டு, அதன் நுனி கறுப்புத் துணி டேப்பால் சுற்றப்பட்டு இருந்தது.

டேப்பின் கடைசி விரற்கடை மடித்து ஒட்டியிருந்தது. குஸ்மா எதைச் சுற்றினாலும் அப்படித்தான் முடிப்பான். பின்னால் பிரிக்க வருகிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பான். அவள் அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இழுத்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் ஒரே இழுப்பில் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பழைய ஆல்டர்னேட்டர் புகைந்துபோன வருடம் லாரியன் தன் கொட்டகையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். புல் அறுக்கும் வண்டியில் இருந்து கழற்றியது. அந்தக் குடும்பத்தில் எதையும் கடையில் வாங்க மாட்டார்கள். கொட்டகையில் கிடக்கிற ஏதோ ஒன்று எதற்காவது பொருந்தியே தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை. குஸ்மா அதை மாட்டினான், பேட்டரி ஏறியது. முள்ளின் ஒயரைத் தனக்கு வேண்டாம் என்று சுற்றி ஓரமாக வைத்துவிட்டான்.

ஒயரை முனையில் மாட்டி எஞ்சினை எழுப்பினாள். முள் ஒரு தடவை நடுங்கியது. பிறகு எழுந்து நின்றது.

தான் வாய்விட்டுச் சிரித்தது அவளுக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பிறகுதான்.

ஆனால் லாரியன் எழுதிய இரண்டாவது வரி நாட்காட்டியில் இருந்தது. பொய் சொல்லாமல். வியாழக்கிழமை காலையில் ஆற்றோரச் சமதரைச் சாலைக்கு வண்டியை எடுத்துப் போனாள். நாலாவது கியரில் எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு முள் இரண்டாயிரத்து ஐந்நூறில் நிற்க வேண்டும் என்று புத்தகத்தின் அட்டவணை சொன்னது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. திரும்ப ஓட்டினாள். அதே இடம். முள் கூச்சமே இல்லாமல் குறைத்துச் சொன்னது. இதை நம்பிக் கணவாயில் ஏறினால், மேல் கியருக்கு மாற்றப் புத்தகம் சொன்ன மூவாயிரத்தை முள் காட்டும்போது எஞ்சின் நாலாயிரத்தில் அலறிக்கொண்டிருக்கும், பக்கத்தில் லாரியன் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறும் வரை தறியறையில் உட்கார்ந்தாள். எதனால் குறைகிறது? மீட்டர் அதே மீட்டர், எஞ்சின் அதே எஞ்சின். மாறியது ஆல்டர்னேட்டர் மட்டும். புத்தகத்தில் அதன் பக்கத்தை எடுத்தாள். முன்னால் பெல்ட் ஓடும் புல்லியின் குறுக்களவு அறுபத்தேழு மில்லிமீட்டர், அதாவது சுற்றளவு இருபத்தொரு சென்டிமீட்டர். கூடையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு போய், பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வண்டியில் இருந்த புல்லியைச் சுற்றி, நகத்தால் அடையாளம் வைத்து, அளவுகோலில் நீட்டினாள். இருபத்தெட்டு.

நெய்கிறவளுக்கு இந்தக் கணக்குக் காகிதம் இல்லாமல் வரும். பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றும். நாலு சுற்று வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வருகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறில் முக்கால் பங்கு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து. முள் பொய் சொல்லவில்லை. புல் அறுக்கும் வண்டியின் புல்லிதான் அதற்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

உதிரிபாகக் கடைக்காரி நல்லவள். மலாஷா படிக்கும்படி நேராக முகத்தைப் பார்த்து, வான்கூவரிலிருந்து வர எட்டு நாள் ஆகும் என்று சொன்னாள். கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டி இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பதை மூவாயிரம் என்று வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னாள். மலாஷாவும் அதை யோசித்திருந்தாள். லாரியன் அதைப் பார்த்தவுடன் என்ன எழுதுவார் என்றும் யோசித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாற்பது பேருக்கான முட்டைக்கோஸை நறுக்கி முடித்ததும் கை சும்மா இருக்க மறுத்தது. அரைமணி நேரம் நெய்யலாம் என்று தறியில் உட்கார்ந்தாள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கிற கயிற்றின் நுனியில் தொங்கும் எடையைச் சரிசெய்யக் குனிந்தாள். ஒரு கூழாங்கல் பை, அதற்கு மேலே ஒரு இரும்புச் சக்கரம்.

பதினைந்து வருடமாக அவள் குனியும்போதெல்லாம் அவள் கை அதைத் தொட்டிருக்கிறது. எடை போதவில்லை என்று அவள் சொன்ன ஒரு நாள் குஸ்மா கொட்டகைக்குப் போய் அதை எடுத்து வந்து மாட்டினான். நடுவில் துளை, சுற்றிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு பெல்ட் ஓடலாம் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

சிவப்பு நூல் மடியிலேயே இருந்தது. சுற்றினாள். இருபத்தொன்று. புகைந்துபோன பழைய ஆல்டர்னேட்டரின் புல்லி.

கயிற்றை அவிழ்த்தபோது பாவு முழுக்கத் தொய்ந்து விழுந்தது. ஜமுக்காளம் காத்திருக்கட்டும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொட்டகை மேசையில் வைத்தாள். புல்லியைப் பிடித்திருந்த நட்டு அசையவில்லை. திருப்பினால் எல்லாமே சேர்ந்து சுற்றியது. ஒரு பழைய பெல்ட்டைப் பள்ளத்தில் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்து மேசையின் இடுக்கியான வைஸில் இறுக்கினாள். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி மொத்த உடம்பையும் அதில் சாய்த்தாள். நாற்பது வருடம் தறியை அடித்த தோள் அது. நட்டு விட்டுக்கொடுத்தது. சின்ன புல்லி பழைய இடத்துக்கு வந்ததுபோல வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

பகல் மூன்று மணிக்கு ஆற்றோரச் சாலையில் முள் இரண்டாயிரத்து ஐந்நூறின் மேல், நூல் பிடித்த மாதிரி நின்றது.

சனிக்கிழமை காலை லாரியன் வந்து இறங்கியபோது மலாஷாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மீசையை உதட்டுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார். இருபது வருடத்துக்குப் பிறகு வெளிச்சம் பார்த்த மேலுதடு வெள்ளையாக இருந்தது. அவர் பேசினார், அவள் ஒவ்வொரு சொல்லையும் படித்தாள்.

“வழியெல்லாம் திட்ட வேண்டியிருக்கும். ஓட்டிக்கிட்டே படிக்க முடியாது, அதனால ஒவ்வொரு தடவையும் ஓரமா நிறுத்து.”

“நிறைய நிறுத்தணுமா?”

“சூப் ஆறிடும்னு நினைக்கிறேன்” என்றார்.

சூப் பானையைக் கம்பளியில் சுற்றிப் பின்னிருக்கையின் காலடியில் இறுக்கி வைத்தார்கள். ரொட்டி மேலே. லாரியன் முள்ளைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்தார்.

கிறிஸ்டினா ஏரியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மூவாயிரத்தைத் தொட்டால் மேலே, இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் கீழே. அவ்வளவுதான். முள் சாயும், அவள் கை நகரும், முள் எழும். ஓரக்கண்ணில் லாரியனின் விரல் தெரிந்தது. அவரும் தம்பியைப் போலத்தான். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் விரல் தானாக அவர் முழங்காலில் எழும். எழுந்த விரல் விழுவதற்குள் அவள் மாற்றி முடித்திருப்பாள். ஐந்து தடவை அப்படி நடந்தது. ஆறாவது தடவை அவர் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். பத்தாவது தடவைக்குப் பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

வளைவு ஒன்றில் மரம் ஏற்றிய லாரி ஆமை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. வேகம் விழுந்தது, முள் விழுந்தது. மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது. குஸ்மா இருந்திருந்தால் இங்கேதான் இரண்டு தட்டு, மறுபடியும் இரண்டு தட்டு. அவள் லாரியின் பின்பக்கத்தை விட்டுக் கண்ணை எடுத்து முள்ளை மட்டும் பார்த்தாள். இரண்டாயிரத்து நானூறு. எஞ்சின் மூச்சுத் திணறவில்லை. முந்துவதற்கு விட்ட தனித்தடம் வந்ததும் அழுத்தினாள். மூவாயிரம், மூன்றாவது கியர், லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஓட்டுநர் கையைத் தூக்கினான். லாரியன் அவனைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

உச்சியில் அவர் அவள் தோளைத் தொட்டார். வாய் சொன்னது, “நிறுத்து.”

எங்கே தவறியது என்று ஏற்றம் முழுவதையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓரமாக நிறுத்தினாள். அவர் இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவள் பக்கத்தில் போய் நின்றதும் முகத்தைத் திருப்பினார்.

“என் புல்லி எங்க?”

“கொட்டகையில. புல்லு அறுக்கறப்ப வந்து எடுத்துக்குங்க.”

“இது எங்க கிடைச்சுது?”

“என் தறியில தொங்கிட்டு இருந்துச்சு. உங்க தம்பி மாட்டினது.”

அவர் கொடுத்த ஆல்டர்னேட்டர், அவர் வாங்கி வந்த பெட்ரோல் மீட்டர், இரண்டும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போவதை அவள் பார்த்தாள். பழைய மீசை இருந்தால் இதில் பாதி தெரிந்திருக்காது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.

“எதுக்கு? இன்னொண்ணு கொண்டு வந்து குடுத்திருப்பீங்க.”

அவர் பானட்டை மூடினார். மிச்ச வழி இறக்கம். அவள் சரிவு தொடங்கும் முன்பே மூன்றாவதில் போட்டாள். முள் மூவாயிரத்துக்கு அருகில் அசையாமல் நிற்க, பிரேக்கை நாலைந்து தடவைதான் தொட்டு மலையை விட்டு இறங்கினாள்.

கல்லறையில் எல்லாரும் வந்திருந்தார்கள். தலை குனிந்து வணங்கினார்கள், அவளும் வணங்கினாள். அவர்கள் பாடும்போது அவள் வாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வரியில் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், உதடு அசைத்துக் கூடவே பாடினாள். பாட்டு முடிந்து எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்தபோது அவள் மட்டும் குனிந்து, கல்லின் மேல் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினாள். மேல் கியருக்கு.

சூப் ஆறவில்லை. அவள் கரண்டியோடு பானை அருகே நின்று ஊற்றிக்கொடுத்தாள். லாரியன் தன் கிண்ணத்தை வாங்க வந்தபோது, தன் சாவி வளையத்திலிருந்து கார் சாவியைக் கழற்றி உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். காகிதத்தைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம்.

வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி, அவர் உறவுக்காரர்கள் இரண்டு பேரோடு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலாஷா கரண்டியிலிருந்து கண்ணைத் தூக்கினாள்.

“குஸ்மா ஓட்டினாக்கூட அந்த ஏத்தத்துல ஒரு தடவையாவது கியர் கடிக்கும்” என்று லாரியனின் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. “எனக்கு ரெண்டு தடவை. இவளுக்கு ஒரு தடவைகூட இல்ல. திட்டறதுக்கு ஒரு இடம் கிடைக்கல எனக்கு. ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்ல வேண்டாம்” என்று மலாஷா அங்கிருந்தே உரக்கக் கூப்பிட்டுச் சொன்னாள். “படிச்சுட்டேன்.”

லாரியனின் கை சட்டென்று மீசைக்குப் போனது. மறைத்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.